முந்நூற்று இருபத்தொரு கோடிச் சொச்சம்

சேலையூர்,
12 ஜனவரி 2025.

கர்த்தருக்குள் பிரியமான ஃபிரெடி அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. மதுரையில் நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகமா? பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கடிதம் எழுதுவது அண்ணியின் யோசனை. கிறிஸ்துமஸ் அன்று நாம் போனில் கத்திக்கொண்ட பிறகு, "கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் போன்ல பேச வேண்டாம், லெட்டர் போட்டுக்கோங்க. லெட்டர்ல யாரும் குறுக்க பேச முடியாது" என்றார்கள். நல்ல யோசனைதான். ஆகவே குறுக்கே பேசாமல் கேள்.

நீ அன்றைக்குச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "முப்பத்தேழு வயசாச்சு. பிஎச்.டி. வாங்கிட்டு பத்து வருஷமா எட்டாம் கிளாஸுக்குப் பாடம் எடுக்கிறே. இனிமே காலேஜ் வேலைன்னு கனவு காணாம, இருக்கிற வேலையை ஒழுங்காப் பாரு." எனக்கு வேறு ஒன்றும் தெரியாததால் நான் எட்டாம் வகுப்பு எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை வேண்டியிருந்தது. மாடம்பாக்கத்துப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது. இது உனக்கும் தெரியும், ஆனால் மதுரையிலிருந்து பார்த்தால் தெரியாது போலிருக்கிறது.

வேறு ஒரு செய்தியும் இருக்கிறது. இப்போது சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
சுஜி


மதுரை,
2 பிப்ரவரி 2025.

அன்புத் தங்கை சுஜிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் நலம். மாத்திரை போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததா?

குறுக்கே பேசாமல் படித்துவிட்டேன். நான் சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் நினைக்கவில்லை. காலேஜ் வேலை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இல்லை சுஜி. பாதி நாள் காகிதம், மீதி நாள் மீட்டிங். ஜூலையில் எங்கள் பிரின்ஸ்பால் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயர் அடிபடுகிறது. அது போதாதென்று இன்னொரு பொறுப்பும் தலையில் விழுந்திருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் உனக்கும் சொல்லவில்லை.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். பெரிய எண் ஒன்றைக் கொடுத்தால் அது பகா எண்ணா என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போகும் பழைய பாடு கிடையாது. 2, 3, 5, 7 நான்கையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன். ஒவ்வொரு சாட்சியையும் அடுக்கடுக்காகப் பெருக்கி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதி என்ன என்று பார்க்கும். மீதி சரியாக வந்தால் அந்தச் சாட்சி "இது பகா எண்" என்று சொன்னதாக அர்த்தம். நாலு சாட்சியும் ஒரே வாக்காய்ச் சொன்னால் அப்பீல் கிடையாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் காட்டு.

அன்புடன்,
ஃபிரெடி


சேலையூர்,
20 ஏப்ரல் 2025.

பிரியமான அண்ணனுக்கு,

உயிர்த்தெழுந்த நாளின் வாழ்த்துகள். எண்ணெய் வந்தது. அம்மா அதைத் தேய்த்துக்கொண்டு இன்று விடியற்காலை ஆராதனைக்கு நடந்தே வந்தாள். வரும் வழியெல்லாம் உன் புகழ்தான், தேய்த்துவிட்ட என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததா?

அன்றைக்குச் சொல்லாமல் வைத்த செய்தியை இப்போது சொல்கிறேன். கேளம்பாக்கத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஆறு கல்லூரி நடத்துகிறார்களே, அந்த அறக்கட்டளை கணிதத்துக்கு மூன்று உதவிப் பேராசிரியர் இடம் அறிவித்திருந்தது. எழுத்துத் தேர்வில் முதல் ஒன்பது பேரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். உன்னிடம் கேட்காமல் விண்ணப்பித்தேன். நீ யாரையாவது பிடித்து சிபாரிசு சொல்லிவிடுவாயோ என்று ஒரு பயம், சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று இன்னொரு பயம்.

ஒன்பதாவது ஆள் எடுத்தது எழுபத்தொன்று. நான் எடுத்தது எழுபது.

அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று விடைக்குறிப்பைப் பார்த்தேன். நாற்பத்தேழாம் கேள்வி: கீழ்க்கண்டவற்றில் பகா எண் எது? மூன்று எண்கள், நான்காவதாக "இவற்றில் எதுவும் இல்லை". முதல் எண் மூன்றால் போகும், இரண்டாவது பதினொன்றால் போகும். மூன்றாவது 3215031751. முந்நூற்று இருபத்தொரு கோடியே ஐம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று. புத்திசாலியாக இருந்தால் அதை டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு எந்த எண்ணையும் முகத்தைப் பார்த்து நம்பிப் பழக்கமில்லை. உட்கார்ந்து வகுத்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று வரிசையாகப் போய், நூற்று ஐம்பத்தொன்றில் சரக்கென்று மீதியில்லாமல் போயிற்று. அதற்குள் மணி அடிக்கும் நேரம், கடைசி மூன்று கேள்விகளைப் பார்க்கவே இல்லை. இதற்கு நீ திட்டுவாய் என்று தெரியும்.

"எதுவும் இல்லை" என்று எழுதினேன். தவறு என்று போட்டிருக்கிறார்கள். விடைக்குறிப்பின்படி அது பகா எண்ணாம்.

வகுத்தலை முழுவதும் எழுதி ஆட்சேபணை அனுப்பிவிட்டேன். நீயும் ஒரு தடவை போட்டுப் பார். 151-ஐ 21291601-ஆல் பெருக்கினால் போதும்.

அன்புடன்,
சுஜி


மதுரை,
25 மே 2025.

அன்புள்ள சுஜிக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். இங்கே வெயில் அதிகம், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலையும் அதிகம்.

நீ விண்ணப்பித்ததை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மார்க்குக்காக ஓர் அறக்கட்டளையோடு மல்லுக்கு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. பெரிய இடம், அவர்கள் நினைத்தால் எந்தக் கல்லூரியிலும் உனக்கு இடமில்லாமல் செய்துவிடுவார்கள். அடுத்த அறிவிப்பு வரும், அப்போது பார்க்கலாம். இதை இத்தோடு விட்டுவிடு.

அங்கே யாரிடமாவது என் பெயரைச் சொன்னாயா? சொல்லாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஃபிரெடி


சேலையூர்,
1 ஜூன் 2025.

அண்ணனுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவும் சுகம்.

ஐந்து வாரம் கழித்து வந்த கடிதத்தில் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். வேலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. சின்ன வயதில் பஸ் டிக்கெட்டின் நம்பரைக்கூட விடாமல் காரணி பிரிப்பாய். ஒரு பெருக்கல் போடச் சொன்னேன், அதைக்கூடப் போடாமல் புத்திமதி எழுதியிருக்கிறாய். போட்டாயா, இல்லையா?

என் ஆட்சேபணைக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. "நிபுணர் பரிசீலித்தார். விடைக்குறிப்பில் மாற்றம் இல்லை." யார் அந்த நிபுணர், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தால் பெயிலாக்கி, பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வேன்.

விடுவதாக இல்லை. ஒரு பேனர் அடித்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நிற்கப் போகிறேன். கோஷம் கிடையாது. ஒரே ஒரு பெருக்கல்தான். உன் பெயர் எதற்கு எனக்கு? அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

சுஜி


மதுரை,
9 ஜூன் 2025.

அன்புள்ள சுஜி,

நலம். உன் கடிதம் பார்த்த அன்றே எழுதுகிறேன்.

தயவுசெய்து அங்கே போய் நிற்காதே. போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அது பகு எண்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு வழி பார்க்கிறேன். நாற்பத்தேழாம் கேள்வியை நீக்கிவிட்டு எல்லாருக்கும் ஒரு மார்க் கொடுத்துவிடச் சொல்லலாம். வழக்கமாகச் செய்வதுதான், யாருக்கும் கெட்ட பெயர் வராது. கொஞ்சம் பொறுமையாக இரு. உனக்கும் இதுதான் நல்லது.

அண்ணியும் கேட்டதாகச் சொன்னாள். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.

ஃபிரெடி


சேலையூர்,
22 ஜூன் 2025.

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

அம்மா சுகம். நான் கறுத்துவிட்டேன், மற்றபடி சுகம்.

நேற்று சனிக்கிழமை, போய் நின்றேன். வெள்ளிக்கிழமையே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பேனர் அடித்தாயிற்று. கடைக்காரன் பெயர் தாவீது, நம் சபைப் பையன்தான். நான் எழுதிக் கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, போட்டோ எதுவும் இல்லையா? வெறும் நம்பராவே கீது. யாருக்குப் பொறந்த நாளு?"

"பொறந்த நாள் இல்லப்பா. ஒரு பொய்யை அடக்கம் பண்ணப் போறேன்."

"அப்ப கறுப்பு பார்டர் போட்டுடவா?" என்றான். போட்டும்விட்டான். அதில் இருந்தது இவ்வளவுதான்: 151 × 751 × 28351 = 3215031751. அதற்குக் கீழே, "இதில் எங்கே தவறு?"

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகிற பஸ்ஸில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் விரித்ததும் செக்யூரிட்டி ஓடி வந்தார். லோன் விளம்பரம் என்று நினைத்தாராம். பத்து இலக்கம் இருக்கிறதே, ஒருவர் போன் நம்பர் என்று நினைத்து அடித்தும் பார்த்துவிட்டு, "இன்னாமா, ராங் நம்பர்னு வருது" என்றார். "அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றேன். மத்தியானத்துக்குள் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த இரண்டு கிளார்க்குகளும் பெருக்கிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் உள்ளே போனார்கள். அம்மா முதல் நாளே, "ஒரு நம்பருக்காகப் போய் வெயில்ல நிக்கிறியே, அது வந்து சோறு போடுமா?" என்று கேட்டிருந்தாள். போடாதுதான். ஆனால் அந்தப் பெருக்கலுக்கு முன்னால் அந்தப் பெரிய கேட் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது அண்ணா.

நாலு மணிக்கு ஆபீஸ் சூப்பிரண்டு ரவி சார் வெளியே வந்தார். நல்ல மனிதர், தர்மசங்கடத்தில் நெளிந்தார். "மேடம், நாங்களா எதுவும் சொல்லல. எக்ஸ்பர்ட் விளக்கம் கொடுத்திருக்கார், நீங்களே பாருங்க" என்று ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். பெயரை மறைத்திருந்தார்கள். மூன்று வரிதான். "இந்த எண் 2, 3, 5, 7 ஆகிய அடிகளில் சோதிக்கப்பட்டது. நான்கு சாட்சிகளும் ஒரே வாக்காய்ப் பகா எண் என்கின்றன. மேல்முறையீட்டுக்கு இடமில்லை."

பஸ்ஸில் வரும்போது அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை வீட்டில் தேடி எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீதானே?

வீட்டுக்கு வந்து இந்த எண்ணைப் பற்றித் தேடிப் படித்தேன். உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஐந்நூறு கோடிக்குள் உன் நான்கு சாட்சிகளையும் ஏமாற்றுகிற பகு எண் ஒன்றே ஒன்றுதான். அது இது. இதன் காரணிகள் மூன்றிலும் ஒன்றைக் கழித்துப் பார்: 150, 750, 28350. பெரிய எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் 3215031750; அதை மூன்றும் மீதியில்லாமல் வகுக்கின்றன. மூன்று திருடர்களும் ஒரே வீட்டுக்காரர்கள், அதனால்தான் சாட்சிகளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கேள்வியை நீக்குகிற யோசனை எனக்கு வேண்டாம். அப்படிச் செய்தால் எனக்கும் எழுபத்தொன்று வரும், தெரியும். ஆனால் அந்த எண் என்ன என்று யாரும் சொல்லாமலே போய்விடும். பகு எண் என்று அவர்கள் எழுத வேண்டும்.

சுஜி


மதுரை,
18 ஜூலை 2025.

அன்புள்ள சுஜிக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பிரஷர் கூடியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

ஆமாம், நான்தான். கேள்வித்தாள் தயாரிப்பதுதான் நான் சொல்லக் கூடாத பொறுப்பு. உறவினர் யாராவது எழுதினால் நான் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. நீ எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாது. ஈஸ்டர் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எப்படி நடந்தது என்று உனக்குத்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் புரியாது. கேள்வி எழுத உட்கார்ந்தபோது இந்த எண் தானாக மனதில் வந்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது எங்கோ பார்த்திருக்கிறேன். எதற்காகவோ புகழ்பெற்ற எண் என்று அதன் முகம் ஞாபகம் இருந்தது. எதற்காக என்பது மறந்துவிட்டது. ஏதோ விசேஷமான பகா எண் என்று நினைத்தேன். சந்தேகம் தீரப் புரோகிராமில் போட்டேன், தேறியது. இந்தச் சோதனையை ஏமாற்றுவதற்காகவே புகழ்பெற்ற எண்ணை அதே சோதனையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் ஆட்சேபணை வந்த கேள்விகளின் நம்பரை மட்டும் அனுப்பினார்கள், உன் வகுத்தலை அனுப்பவில்லை. நான் மறுபடியும் அதே புரோகிராமை ஓட்டினேன். அதே நாலு பேரும் அதே பொய்யைச் சொன்னார்கள்.

இப்போது வெளியே வந்தால், அண்ணன் கேள்வித்தாள் போட்டான், தங்கை பரீட்சை எழுதினாள் என்றுதான் பேசுவார்கள். பிரின்ஸ்பால் பதவிக்கு ஜூலை 31 கமிட்டி கூடுகிறது. அதுவரை பொறு. அதற்குப் பிறகு நானே ஏதாவது செய்கிறேன். இரண்டு வாரம்தான் கேட்கிறேன்.

உன்,
ஃபிரெடி


சேலையூர்,
22 ஜூலை 2025.

அண்ணனுக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. மாத்திரை போடு. உப்பைக் குறை.

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், உனக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணை விட மாட்டேன். எண்ணுக்கு அண்ணனும் கிடையாது, கமிட்டியும் கிடையாது. ஜூலை 31 வரை பகா எண்ணாக இருந்துவிட்டு ஆகஸ்ட் முதல் தேதி பகு எண்ணாக அதனால் மாற முடியாது.

வருகிற சனிக்கிழமையும் போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். தாவீது பேனருக்கு இரும்பு வளையம் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

சுஜி


மதுரை,
30 ஆகஸ்ட் 2025.

அன்புத் தங்கைக்கு,

கிருபையால் நலம். பிரஷர் இறங்கிவிட்டது, டாக்டருக்கே ஆச்சரியம்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் அறக்கட்டளைக்கும் எங்கள் கல்லூரிக்கும் எழுதிவிட்டேன். கேள்வி என்னுடையது, விடை தவறு, ஆட்சேபணை அனுப்பியவர் என் தங்கை என்று மூன்றையும் எழுதினேன். பிரின்ஸ்பால் நாற்காலியில் இப்போது வேதியியல் துறைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நன்றாகத்தான் பார்க்கிறார். இனி எந்தத் தேர்வு வேலைக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அண்ணி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மீன் குழம்பு வைத்தாள்.

விடைக்குறிப்பைத் திருத்திவிட்டார்கள். பார்த்திருப்பாய். இனிமேல்தான் முக்கியமான விஷயம். திருத்தியதில் உனக்கு எழுபத்தொன்று, நீ பட்டியலுக்குள் வந்துவிட்டாய். ஆனால் உறவு இருப்பதால் உன் விண்ணப்பத்தை ரத்து செய்ய வேண்டும் என்று சிலர் சொன்னார்களாம். விஷயம் ரோட்டுக்கு வராமல் முடிந்தால் அவர்களுக்கும் நல்லதுதான், அதனால் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். உனக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் வரும். தேர்வு அறிவித்த நாளிலிருந்து இன்றுவரை என்னோடு உனக்குப் பேச்சாகவோ எழுத்தாகவோ எந்தத் தொடர்பும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

போட்டுவிடு சுஜி. டிசம்பரிலிருந்து நாம் போனில் பேசவே இல்லை, யார் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. உன் கடிதங்களைக் கிழித்துவிடுகிறேன், நீயும் என்னுடையதைக் கிழித்துவிடு. அம்மாவுக்காக நீ விட்ட பத்து வருஷத்தை நான் ஒரு நாளும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு இதுவாவது உனக்குக் கிடைக்கட்டும். இது புத்திமதி இல்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


சேலையூர்,
14 செப்டம்பர் 2025.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான என் அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "என் பிள்ளைங்க ரெண்டும் கணக்குல புலி, பிழைக்கத் தெரியாது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதில் பெருமைதான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

திருத்திய விடைக்குறிப்பைப் பார்த்தேன். "நாற்பத்தேழு: 3215031751 பகு எண். சரியான விடை, இவற்றில் எதுவும் இல்லை." அந்த வரியைப் பார்த்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். ஏன் என்று கேட்காதே.

படிவம் வந்தது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நேரிலேயே எடுத்துக்கொண்டு போனேன். ரவி சார் நாற்காலி போட்டு, பேனாவும் எடுத்து வைத்திருந்தார்.

"மேற்படி ஃபிரெடி என்பவருடன் எனக்குப் பேச்சாகவோ எழுத்தாகவோ எந்தத் தொடர்பும் இல்லை" என்று அச்சடித்திருந்தது. அந்த வரியில் "எந்தத் தொடர்பும் இல்லை" என்பதை அடித்தேன். மேலே "எழுத்தாகத் தொடர்பு உண்டு" என்று எழுதினேன். அதற்குக் கீழே, "இவர் என் அண்ணன். இவர் எனக்குக் கேள்வியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடையையும் சொல்லியிருப்பார், நானும் உங்களைப் போலத் தவறாக எழுதியிருப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரவி சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இது சும்மா ஃபார்மாலிட்டி. ஒரே ஒரு கையெழுத்து. உங்க அண்ணனே போடச் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு சார்."

"அப்புறம் என்ன? இதைக் கொடுத்தீங்கன்னா கேன்சல்தான் பண்ணுவாங்க."

"தெரியும் சார். பண்ணிக்கச் சொல்லுங்க."

பண்ணிவிட்டார்கள். நேற்று தபால் வந்தது. நேர்முகத்தில் என் இடத்துக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ஸஹானா என்று ஒரு பெண் வருகிறாள். விசாரித்து போனில் வாழ்த்துச் சொன்னேன். நீயும் வகுத்துப் பார்த்தாயா என்று ஆசையாகக் கேட்டேன். "இல்ல மேடம், டைம் முடிஞ்சிடுச்சு, கண்ணை மூடிக்கிட்டு கடைசி ஆப்ஷனை அடிச்சேன்" என்றாள். சிரித்துத் தொலைத்தேன். ஆனாலும் அவள் எழுதியது சரி, மார்க் அவளுடையதுதான்.

வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது அண்ணா. ரொம்ப வேண்டியிருந்தது. நேற்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை, அம்மாவின் சட்டையைத் தைக்கிறேன் என்று கையைக் குத்திக்கொண்டேன். ஆனால் நாலு சனிக்கிழமை ஒரு பொய்யான வரிக்கு எதிராக நின்றுவிட்டு, ஒரு வியாழக்கிழமை இன்னொரு பொய்யான வரிக்குக் கீழே என் பெயரைப் போட எனக்குக் கை வராது. அதுவும் எந்த வரி? நீ என் பெயரால் ஒரு நாற்காலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறாய். உன்னை யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுத்து நான் ஒரு நாற்காலி வாங்க வேண்டுமா? அப்படி வாங்கினால் கிளாஸில் போய் எந்த எண்ணைப் பற்றிப் பேசுவேன்?

டிசம்பரில் வேறு ஒரு கல்லூரி அறிவிக்கப் போகிறதாம். போடுவேன். இன்னும் பத்து அறிவிப்பு வந்தாலும் போடுவேன். இந்த முறை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான். கடிதங்களைக் கிழித்திருந்தால் உன்னைச் சும்மா விட மாட்டேன். என்னிடம் உன்னுடையது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், எடுத்துக் காட்டுவேன்.

கேளம்பாக்கம் ஆபீஸ் பைலில் இனி எந்தக் காலத்திலும் அழிக்க முடியாதபடி,

உன் தங்கை,
சுஜி